நடித்தவர் எழுதிய சரித்திரம்

புதுவை நகரின் வடமேற்கே வழுதாவூர்ச் சாலையை ஒட்டித் தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமுமாக விளங்கும் தட்டாஞ்சாவடியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு இலாசுப்பேட்டையைக் கடந்து செல்வோர், அதிக தூரம் போவதற்குள் கருவடிக்குப்பத்தை அடைவர். தமிழ் நாடக உலகம் தன் தலைமை ஆசிரியர் என்று போற்றிய சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கிறது. 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, புராணக் கதைகளுக்குப் புதிய மெட்டும் வசனமும் அமைத்து, பாலர்களையே நடிகர்களாகக் கொண்ட சபையை நடத்தி, ஊர் ஊராய்த் திரிந்த அப்பெரியார், 1922 நவம்பர் 13ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்நகரில் காலமானார். புதுவைப் பல்கலைக்கழகம் தன் நிகழ்த்துகலைப் பள்ளிக்கு இன்று அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது. ஆனால் அவரைப் போன்றோர் நடத்திய தொழிலை ஒரு பல்கலைக்கழகம் ஆராயத்தக்க விஷயமாக ஏற்றுக்கொள்வதற்கு, அவர் மறைந்தபின் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

நாடகம், பத்திரிகை, சினிமா ஆகிய சாதனங்களின் வலிமையை நம் நாட்டில் முதன்முதலாக ஊன்றிக் கவனித்தவர்கள் யார் என்று கேட்டால், விடை சற்று வேடிக்கையாகவே இருக்கும்: ஆங்கிலேய சர்க்காரின் போலீஸ் இலாகாவும் தலைமைச் செயலகத்துக் குமாஸ்தாக்களுமே அவர்கள். 1876ஆம் ஆண்டிலேயே நாடக மேடையை அடக்குவதற்கென்று ஒரு சட்டம் பிறந்துவிட்டது. வாரந்தோறும் சுதேசப் பத்திரிகைகளைப் படித்துச் சாரம் பிழிந்து மேலிடத்துக்கு அனுப்புவதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் சென்னையில் இருந்தனர். 1908இல் பாரதியார் புதுவைக்கு வந்து சேர்ந்ததும், ‘இந்தியா’ வாரப் பத்திரிகையும் அவரைப் பின்தொடர்ந்து இங்கு வந்து அச்சேறியதும், பின்பு அப்பத்திரிகை ஆங்கில எல்லைக்குள் நுழையாதபடி தடுக்கப்பட்டு 1910இல் நின்றுபோனதும் நாம் அறிந்தவை. ஒரு காகிதத்தாளுக்கும் ஒரு மேடைப் பாட்டுக்கும் சாம்ராஜ்யம் இவ்வளவு அஞ்சிய காலத்தில், நம் பண்டிதர்களோ சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை விரித்து வைத்துக்கொண்டு மாதவி ஆடிய மேடையின் நீள அகலங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தனர். அடுத்த தெருக் கொட்டகையில் ஆயிரம் பேர் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது அவர்களுடைய காதில் விழவில்லை.

1967இல் நாடகமும் திரைப்படமும் வளர்த்தெடுத்த ஒரு கட்சி சென்னை ராஜ்யத்தின் ஆட்சியைப் பிடித்த பின்னரும் இந்த உபேட்சை நீங்கிவிடவில்லை. தமிழ்நாட்டு அரசியலுக்கும் திரைநட்சத்திரங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுபதுகளில் முறையான ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டவர், ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்னும் அமெரிக்க அரசியல் ஆராய்ச்சியாளர். அயலார் வந்து சொல்ல வேண்டியிருந்தது என்று வருந்துவதில் பயனில்லை. உள்ளிருந்து சொல்லத்தக்கவர் ஒருவர் கடலுக்கு அப்பால், இலங்கையில், அதற்கான ஆயத்தங்களை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார் என்பதே சரித்திரத்தில் குறிக்கத்தக்கது.

கார்த்திகேசு சிவத்தம்பி 1932 மே 10ஆம் தேதி வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்தார். தந்தையார் தமிழறிந்த பண்டிதர். ஊரிலே தொடங்கிய படிப்பு கொழும்பு ஸாகிராக் கல்லூரியிலும் பின் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் தொடர்ந்தது. பேராதனையில் அக்காலத்தில் பேராசிரியர் கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்து மக்கள் வீட்டிலும் வேலியோரத்திலும் பேசுகிற பேச்சையே நாடகமாக எழுதி மாணாக்கர்களைக் கொண்டு மேடையேற்றி வந்தார். அந்த மாணாக்கர்களில் சிவத்தம்பியும் ஒருவர். வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது: இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ என்னும் தொடர் நாடகத்தில் அவர் நடித்ததைக் கேட்ட தலைமுறையினர் நெடுங்காலம் அதைச் சொல்லி மகிழ்ந்தனர். ஆகவே, மேடையையும் ஒலிபெருக்கியையும் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியவற்றைப் படிக்கும்போது, கரையில் நின்று ஆழம் சொல்பவரின் தொனி அவற்றில் இல்லாதிருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஸாகிராவில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தபின் அவர் ஏற்ற உத்தியோகம் விசித்திரமானது: இலங்கைப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்லும் சமகால மொழிபெயர்ப்பாளர் பதவி. ஒருவன் தன் கருத்தில்லாத கருத்தை, தனக்கு விருப்பமில்லாதவருடைய ஆவேசத்தை, மூச்சு விடுமுன் வேறொரு மொழியில் வார்த்துக் கொடுக்கும் இப்பயிற்சியை எந்தக் கலாசாலையும் பாடமாக வைப்பதில்லை. அரசியல் என்பது சொல்லப்படும் விதத்திலேயே பாதி இருக்கிறது என்ற ஞானத்தை அவருக்கு அளித்தது அந்த மண்டபந்தான் என்பது என் அபிப்பிராயம். அவர் அப்படிச் சொன்னதாக நான் படித்ததில்லை. 1965இல் வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

இதே காலத்தில் அவர் நண்பர் க. கைலாசபதியின் பாதையையும் நோக்க வேண்டும். கோலாலம்பூரில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவர், பல்கலைக்கழகத்திலிருந்து நேரே பத்திரிகாலயத்துக்குச் சென்று, 1959 முதல் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்து, ஈழத்து எழுத்தாளர்கள் தம் மண்ணையும் தம் பேச்சையும் எழுதுவதற்கு அந்த நாளிதழின் பக்கங்களைத் திறந்துவிட்டார். ஒருவர் பத்திரிகையிலிருந்தும் மற்றவர் மேடையிலிருந்தும் ஆராய்ச்சிக்குள் வந்தனர். மூன்றாவதாக ஒருவரும் உண்டு: பேராசிரியர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பின் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த கூத்தைச் சுருக்கிச் செப்பம் செய்து, 1962இல் ‘கர்ணன் போர்’ என்றும் 1964இல் ‘இராவணேசன்’ என்றும் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்த அவருடைய முயற்சியில் சிவத்தம்பியும் உடனிருந்தார். நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று படித்தவர்கள் ஒதுக்கிய ஒரு கலை, பட்டதாரிகளின் கால்களில் சதங்கையாக ஏறியது அப்போதுதான்.

அறுபதுகளின் பிற்பகுதியில் சிவத்தம்பி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் தாம்ஸன், அயர்லாந்தின் மேலைக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கட் தீவில் மீனவரோடு பழகி அவர்தம் ஐரிஷ் மொழியைக் கற்று, எழுத்தறியாதாருடைய வாய்ப்பேச்சிலே கவிதையின் பிறப்பைக் கண்டவர். கிரேக்கத் துன்பியல் நாடகம் பழங்குடிச் சடங்குகளிலிருந்து எவ்வாறு கிளைத்தது என்பதை மார்க்ஸிய நோக்கில் விளக்கியவர். கைலாசபதி அவரிடம் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து திரும்பியிருந்தார். சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகம் என்னும் பொருளை எடுத்துக்கொண்டு 1970இல் டாக்டர் பட்டம் பெற்றார். கூத்தர், பொருநர், பாணர், விறலியர் என்று சங்க நூல்களில் பெயரளவில் நின்றவர்களைத் தொழில் செய்து வயிறு வளர்த்த மனிதர்களாக, ஒரு பொருளாதார அமைப்பின் உறுப்புகளாக அவர் கண்டார். மட்டக்களப்புக் களரியில் ஆடியவர்களைக் கண்ணாரக் கண்டிராத ஒருவருக்கு அந்தக் காட்சி எளிதில் தோன்றியிராது. குறிப்பிடத்தக்க இன்னொரு தற்செயலும் இதில் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1964இல் ரிச்சர்ட் ஹாகர்ட் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கியிருந்தார். ஸ்டூவர்ட் ஹாலின் தலைமையில் அது உலகெங்கும் பிரசித்தி பெற்று, இன்று பண்பாட்டு ஆய்வு என்று வழங்கும் துறைக்கே பிறந்தகமாகக் கருதப்படுகிறது. ஒரே வளாகத்தில் ஒரு கட்டடத்தில் ஆங்கிலத் தொழிலாளரின் சினிமாவும் பத்திரிகையும், மற்றொன்றில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ்ப் பாணரின் வாழ்வும், ஏறத்தாழ ஒரே வகையான கேள்விகளுக்கு உள்ளாகிக்கொண்டிருந்தன.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சிவத்தம்பி, 1981இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். சென்னை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் பதிப்பித்த அது, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக நோக்குவது. அவ்வாண்டின் மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்த ஆண்டை யாழ்ப்பாணத்தார் இந்நூலை முன்னிட்டு நினைப்பதில்லை, நினைக்கவும் முடியாது. ஆயினும், தமிழ்ச் சினிமாவைக் குறித்து எழுதுவோர் எல்லோரும் இன்றளவும் எடுத்தாளும் ஒரு கருத்து அதில்தான் இருக்கிறது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு நிகழ்ச்சியைக் கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை நிர்ணயித்தது பிறப்பால் வந்த அந்தஸ்தன்று, கையிலுள்ள காசே என்றும், மேல்வகுப்புச் சீட்டு வாங்க வசதியில்லாத உயர்குலத்தான் படத்தைத் துறக்க வேண்டும் அல்லது எல்லாரோடும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றும் அவர் எழுதினார்.

இக்கூற்றின் கனத்தை அறிய மதுரையை நினைத்தால் போதும். ஒடுக்கப்பட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தது 1939 ஜூலையில். முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ வந்தது 1931இல். ஊமைப்படக் கொட்டகைகளோ அதற்கும் முந்தியவை. தேவியின் சந்நிதியில் நிற்கக்கூடாதென்று விலக்கப்பட்டவர், ஊமைப்படக் கொட்டகையில் அரையணாவோ ஓரணாவோ கொடுத்து அமர்ந்து தேவியின் திருவிளையாடலைப் பார்த்திருக்கிறார். சபையில் சதிர் கண்டவர் யார், தெருமுனையில் கூத்துக் கண்டவர் யார் என்ற வரம்பை அறிந்தவருக்கே இம்மாற்றத்தின் அதிர்ச்சி புலப்படும். இருந்தாலும் இக்கருத்தை மறுப்பின்றி ஏற்பதற்கில்லை. டூரிங் கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி என்ற படிநிலை இருந்தது. பெண்களுக்குத் தடுப்புக்கு அப்பால் தனிப்பக்கம் இருந்தது. மணல் தரையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதை ஊரார் அறிவர். காசு சாதியை வெளியே நிறுத்திற்று என்பதைவிட, சாதி காசின் சட்டையை அணிந்து உள்ளே வந்தது என்பது பல ஊர்களுக்குப் பொருந்தும். சிவத்தம்பி போன்ற மார்க்ஸியர் இதை அறியாதவரல்லர். ஆனால் அந்தச் சிறுநூலில் இதை விரித்துரைக்கவில்லை.

அதே 1981இல் சென்னையில் க்ரியா பதிப்பகம் சு. தியடோர் பாஸ்கரன் எழுதிய ஆங்கில நூலொன்றை வெளியிட்டது. அவர் பேராசிரியரல்லர்; அஞ்சல் துறை அதிகாரி, பின்னாளில் தமிழ்நாட்டு அஞ்சல் துறையின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தவர். 1880 முதல் 1945 வரை நாடகக் கம்பெனிகளும் பாட்டுப் புத்தகங்களும் ஊமைப்படங்களும் தேசிய உணர்ச்சியை எங்ஙனம் சுமந்து சென்றன என்பதை, ஆவணக் காப்பகத்தில் உறங்கிய சர்க்கார் காகிதங்களைக் கொண்டு அவர் நிறுவினார். அடக்குவதற்கென்று எழுதப்பட்ட குறிப்புகளே, அடக்கப்பட்டவர்களின் கலைக்குச் சாட்சியாக நின்றன. பதினொரு ஆண்டுகளுக்குப்பின், 1992இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்த எம். எஸ். எஸ். பாண்டியன், பாலர் நாடகக் கம்பெனியில் தொடங்கி முதலமைச்சர் ஆசனத்தில் முடிந்த எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்து, அவருடைய ஆட்சியால் அதிகப் பயன் பெறாத ஏழைகளே அவரை அவ்வளவு நேசித்தது ஏன் என்ற கடினமான கேள்வியை எழுப்பினார். பாண்டியனின் விடையில் கசப்பு மிகுதி. சிவத்தம்பியோ அதே ரசிகர்களிடத்தில் விடுதலையின் ஒரு கீற்றையும் கண்டார். கொட்டகையில் கைதட்டியவர்களோடு தாமும் மேடையில் நின்று கைதட்டல் வாங்கிய பழக்கம் அவரை மென்மையாக்கியது போலும்.

சிவத்தம்பியின் மேல் ஒரு குறை சொல்வதுண்டு: பிறர் நூல்களுக்கு முன்னுரை எழுதியே தம் காலத்தைச் செலவிட்டார் என்பது. முன்னுரைகள் பெருகியது உண்மை. எண்பதுகளின் நடுவே வடகிழக்குப் பிரஜைகள் குழுக்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் அவர் தோளில் விழுந்திருந்தது. ஊர் பற்றியெரியும்போது ஒருவர் அறையைப் பூட்டிக்கொண்டு திரைப்பட ஆராய்ச்சி செய்திருக்க வேண்டுமென்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த முன்னுரைகளைத் தள்ளிவிட்டால் ஈழத்து நாடகத்தையும் சிறுகதையையும் பற்றிய அவர் சிந்தனையில் பெரும்பகுதி போய்விடும். தமிழ்நாட்டு அரசு அவருக்கு 2000இல் திரு.வி.க. விருதளித்தது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக்கு வந்துபோனார். மறு ஆண்டு ஜூலை 6ஆம் தேதி கொழும்பில் காலமானார். திரைப்படத்தைக் குறித்து அந்தச் சிறுநூலுக்கு நிகராக இன்னொன்றை அவர் எழுதவில்லை.