சிலாவத்துறை முத்துக்குளிப்பும் மூச்சுப் பயிற்சியும்

உயிர்க்கு ஆதாரம் மூச்சு. அதனை அளவறிந்து செலவிடுதலையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தோர் முத்துக்குளிப்போர். மன்னார்ப் பெருநிலக் கரையிலே, கொண்டச்சிக் குடாவை அடுத்துள்ள சிலாவத்துறை இத்தொழிலாற் புகழ்பெற்ற துறைகளுள் ஒன்றாகும். அதன் வடக்கே அரிப்பிற் சிதைந்து நிற்கும் மாளிகை, 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோர்த் கட்டுவித்தது. முத்துவருவாயின் பெருமைக்கு அக்கட்டிடம் சான்றாயுள்ளது. ஆயின், அவ்வருவாயை ஈட்டிய மனிதரின் மூச்சுக்குச் சான்று கூறுங் கட்டிடம் எதுவுமில்லை.

கீழக்கரை முதலிய தென்பாண்டிக் கரையூர்களினின்றும், பாரசீகக் குடாவினின்றும் குளியாளர் வந்து கூடினர். தோணிகள் நள்ளிரவை அண்டிக் கரைக்காற்றோடு புறப்பட்டு, விடியலிற் பார்களை அடையும். பிற்பகலிற் கடற்காற்றோடு மீளும். ஒரு தோணியிற் குளியாளர் பதின்மர்; குளிகற்களோ ஐந்தே. ஆகவே, ஐவர் மூழ்க, ஐவர் இளைப்பாறுவர். குளியாளன் கல்லிற் கட்டிய கயிற்றைக் கால்விரல்களாற் பற்றி, மூக்கை அடைத்து, விரைவில் அடித்தளஞ் சென்று, சிப்பிகளை வலைப்பையில் வாரியிட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே நிற்போர் இழுத்துக்கொள்வர். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை மூழ்குதல் வழக்கம். மூக்கிலும் காதிலும் இரத்தங் கசிதலும் உண்டு.

ஒருவன் நீரினுள் எவ்வளவு நேரம் தங்குவான்? 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பேர்சிவல், இரண்டு நிமிடம் வழக்கமென்றும், சிலர் நாலைந்து நிமிடம் தங்குவரென்றும் எழுதினார். முத்துப்பார்களின் பரிசோதகராய்ப் பல்லாண்டு கடமையாற்றிய கப்பித்தான் ஸ்ரூவேட் இதனை ஏற்றிலர். எண்பத்தேழு விநாடிக்கு மேல் அடியில் நின்றவரையோ, பதின்மூன்று பாகத்துக்கு மேல் ஆழ்ந்தவரையோ தாம் கண்டதில்லையென்றும், ஒன்பது பாக நீரில் ஐம்பத்தைந்து விநாடியே பெரும்பான்மையென்றும் அவர் கூறியதை எமர்சன் தெனன்ற் 1859இல் தம் நூலிற் பதிவுசெய்துள்ளார். கேட்டு எழுதியதிலும் கண்டு கணித்தது வலியுடையது. ஆகவே, குளியாளனின் திறம் வியத்தகு நீண்ட மூச்சிலன்று. குறுகிய முயற்சி, அதனையடுத்த ஓய்வு, மீண்டும் முயற்சி என்னும் ஒழுங்கிலேயே தங்கியிருந்தது எனலாம்.

இவ்வொழுங்கின் பயனை மருத்துவ உலகம் நோயாளர் திறத்திற் காலந்தாழ்த்தே உணர்ந்தது. நெடுநாட் சுவாசப்பை நோயுடையார் அசையாதிருத்தலே நலமென நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்க வைத்தியர் சாள்ஸ் டெனிசன் 1895இலேயே அன்னோர்க்குத் தேகப்பயிற்சியை வற்புறுத்தி நூல் எழுதினார். எனினும் அது பரவலாக ஏற்கப்படவில்லை. 1950களில் அல்வன் பராக் என்பார் அதனை மீண்டும் எடுத்துரைத்தார். 1991இல் கசபூரி குழுவினர் செய்த ஆய்வு, பயிற்சி பெற்ற நோயாளரின் இரத்தத்தில் உழைப்பின்போது தோன்றும் இலக்டிக் அமிலம் குறைவதையும், அதனால் மூச்சின் தேவை தணிவதையும் காட்டிற்று. பழுதுற்ற சுவாசப்பை பயிற்சியாற் சீராவதில்லை. கால்தசைகள் வலுப்பெற்று, உள்ள மூச்சைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. தொடர்ந்து நடக்கவியலாதார்க்குச் சிறிது நடந்து, சிறிது ஓய்ந்து, மீண்டும் நடக்கும் முறை இன்று வைத்தியர் மேற்பார்வையிற் கையாளப்படுகின்றது. மூச்சடக்கல் நோயாளர்க்கு உரியதன்று; முயற்சியும் ஓய்வும் மாறிவரும் முறையே இருசாரார்க்கும் பொதுவானது.

உடலுக்கு அளித்த ஓய்வைக் கடலுக்கு அளித்தார்களா என்பது வேறு வினா. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. மறுவருடம் பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விடப்பட்டன. சில ஆண்டுகளில் விளைவு அற்றுப்போகக் குத்தகை முடியுமுன்னரே அக்கம்பெனி கலைந்தது. மணற்படிவும் சிப்பியுண்ணும் மீன்களும் பார்களை அழிப்பன என்பது உண்மையே. ஆயினும், இளைத்த பாருக்கு மீண்டெழ அவகாசம் வேண்டுமென்பதைத் தோணியில் இளைப்பாறியிருந்த ஐவரே உணர்த்தியிருத்தல் கூடும்.

முத்து அரசர்க்கும் வணிகர்க்கும் போயிற்று. மூச்சின் அளவறிந்து முயல்க என்னும் பாடமோ சிலாவத்துறையிற் குளித்தாரது தேட்டமாய் எஞ்சியுள்ளது. நாலடி நடந்து இளைப்போர்க்கு அது முத்தினும் விலைமிக்கதாகும்.