கீசர் - பீருக்காகப் பிறந்த பெட்டி

டிஸ்கி: குடிக்கச் சொல்லி யாரையும் தூண்டுகிற பதிவு இல்லை இது. சரித்திரம் மட்டும்தான். குடும்பத்தோடு படிக்கலாம் :-)

கீசர் என்றால் நமக்கெல்லாம் குளியலறையில் வெந்நீர் தருகிற சமாச்சாரம். அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் கீசர் என்று சொல்வது நேர் எதிர். கெக் என்கிற பீர் பீப்பாயையும் ஃப்ரீசரையும் ஒட்டவைத்துச் செய்த பெயர். மேலே மூடி திறக்கிற பெட்டி ஃப்ரீசர் (நம்மூர் ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, அதே சாதி) ஒன்றை வாங்கி, உள்ளே நாலு பீப்பாயை நிற்கவைத்து, வெளியே குழாய் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு பார்.

கலிபோர்னியாவில் கொஞ்ச காலம் இருந்தபோது ஒரு நண்பர் வீட்டு கராஜில்தான் இதை முதலில் பார்த்தேன். தேங்காய்த் துருவலும் வஞ்சிரத் துண்டும் போட்டு வைக்க வாங்கிய பெட்டி. மனுஷன் அதைப் பீருக்குத் தாரை வார்த்துவிட்டார். "குளிர்ப்பெட்டியை இப்படி நாசம் பண்ணலாமா?" என்று அவர் வீட்டம்மா என்னிடம் நியாயம் கேட்டார். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அக்கா, உரிமை யாருக்கு முந்தி என்று பார்த்தால் மீனுக்கு இல்லை, பீருக்குத்தான்.

கதை பவேரியாவில் ஆரம்பிக்கிறது. லாகர் என்கிற பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் ஒரு குளிர்ப் பிரியர். சுமார் 7 முதல் 13 டிகிரிக்குள் நிதானமாக வேலை செய்யும். அப்புறம் இன்னும் குளிரில் வாரக்கணக்கில் கிடக்கவேண்டும். வெயில் காலத்தில் காய்ச்சினால் வேண்டாத கிருமியெல்லாம் புகுந்து புளித்துப்போகும். அதனால் 1553ல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஏப்ரல் 23லிருந்து செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக்கூடாது. கோடைக்கு வேண்டியதை மார்ச்சுக்குள் காய்ச்சி, நிலவறையில் போட்டு, குளிர்காலத்தில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டியால் மூடி வைப்பார்கள். அறை சூடாகாமல் இருக்க மேலே தரையில் குதிரைக் கஷ்கொட்டை மரம் நட்டார்கள். அகலமான இலை, நல்ல நிழல், வேரும் ஆழமாகப் போய் நிலவறைக் கூரையைப் பெயர்க்காது. நிழல் வந்ததும் சனம் வந்தது. சனம் வந்ததும் சண்டை வந்தது :-) ஊருக்குள் இருந்த விடுதிக்காரர்கள் எங்கள் பிழைப்பு போச்சே என்று முறையிட, 1812ல் பவேரிய ராஜா ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு சொன்னார். நிலவறைக்காரன் பீர் விற்கலாம், ரொட்டி கொடுக்கலாம், வேறு சாப்பாடு போடக்கூடாது. அன்றிலிருந்து மக்கள் கட்டுச்சோறோடு போக ஆரம்பித்தார்கள். மியூனிக்கின் பீர் தோட்டங்களில் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகிற வழக்கம் இன்றும் உண்டு.

சரி, பனிக்கட்டிக்குக் குளிர்காலத்தையே நம்பியிருந்தால் எப்படி? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆசாமி வருகிறார். ஜேம்ஸ் ஹாரிசன். ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊரில் பத்திரிகை நடத்தியவர். அச்செழுத்தை ஈதர் ஊற்றித் துடைக்கும்போது உலோகம் ஜில்லென்று ஆவதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். ஈதர் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைப் பிடித்து அழுத்தி மறுபடி திரவமாக்கினால் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். 1850களில் இதை இயந்திரமாகச் செய்து காப்புரிமையும் வாங்கினார். தொடக்கத்திலேயே அவரைத் தேடி வந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? பெண்டிகோ ஊரின் பீர் ஆலைக்காரர்!

ஆனால் மனுஷனுக்கு வியாபாரம் கைகொடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இயற்கைப் பனிக்கட்டியோடு போட்டி போட்டதில் 1860களின் தொடக்கத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். 1873ல் உறைந்த இறைச்சியைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பிப் பார்த்தார். வழியிலேயே கெட்டுப்போனது. இன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் ஓடுவது அடிப்படையில் அவர் செய்த அதே சுற்றுதான். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

பேரும் காசும் போய்ச் சேர்ந்தது மியூனிக் பேராசிரியர் கார்ல் லிண்டேவுக்கு. அவரும் சும்மா வந்தவர் இல்லை. வெப்பவியலைக் கரைத்துக் குடித்தவர். குளிரூட்டும் இயந்திரம் எப்படி இருக்கவேண்டும் என்று 1870-71ல் கட்டுரை எழுதினார். அதைப் படித்துவிட்டு ஓடி வந்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள்தான். ஸ்பாட்டன் ஆலையின் காப்ரியேல் செடல்மாயர், என் ஆலையிலேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று இடம் கொடுத்தார். 1873ல் முதல் இயந்திரம். அதில் மீத்தைல் ஈதர் ஓடியது, கசிவும் தொல்லையும் அதிகம். சில வருஷத்தில் அம்மோனியாவுக்கு மாறியதும் இயந்திரம் உருப்படியாக நின்றது. 1879ல் லிண்டே வேலையை விட்டுவிட்டு கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். ஆரம்ப கால ஆர்டர்களில் பெரும்பங்கு பீர் ஆலைகள். (சைடில் ஒரு தகவல்: டீசல் எஞ்சின் ருடால்ஃப் டீசல் இவருடைய மாணவர்.) மீன், கறி, காய்கறி, கடைசியில் வீட்டுச் சமையலறை, எல்லாம் அப்புறம் வந்த கூட்டம்.

பெட்டி கதை இது. பீப்பாய் கதை வேறு.

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் மதுவிலக்கு வந்தது. பீர் கம்பெனிகள் பிழைப்புக்காக மால்ட் பாகு விற்றன. ரொட்டி சுட என்று பெயர். யார் எவ்வளவு ரொட்டி சுட்டார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம் :-) 1933 டிசம்பரில் மதுவிலக்கு போனது. வீட்டில் ஒயின் செய்யலாம் என்றார்கள். பீருக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை! வீட்டில் ஒரு குடம் பீர் காய்ச்சினவன் அதற்குப் பிறகும் 45 வருஷம் சட்டப்படி குற்றவாளி. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டபிறகுதான் வருஷத்துக்கு வீட்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்ச வழி பிறந்தது. இரண்டே மாதத்தில் சார்லி பப்பாஸியன் கொலராடோவில் வீட்டு பீர்க்காரர்களுக்குச் சங்கம் ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் நாடு முழுக்க பீர் கம்பெனிகள் நூறுகூட இல்லை. இன்று ஆயிரக்கணக்கில். அதில் நிறையப் பேர் கராஜில் கை பழகினவர்கள்.

காய்ச்சுவது பரவாயில்லை, பாட்டில் கழுவுவதுதான் நரகம். 19 லிட்டர் காய்ச்சினால் ஐம்பது சின்ன பாட்டிலுக்கு மேல் கழுவி, நிரப்பி, மூடி அடிக்கணும். இதற்குத் தீர்வு கோக், பெப்சி புண்ணியத்தில் வந்தது. சோடா பானத்தின் பாகை அவர்கள் ஹோட்டல்களுக்கு அனுப்பியது 19 லிட்டர் எவர்சில்வர் பீப்பாயில். கார்னீலியஸ் கம்பெனி செய்தது, செல்லமாகக் 'கார்னி'. பிறகு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை என்று மாறிவிட்டார்கள். வேண்டாத பீப்பாய்கள் குவிந்து அடிமாட்டு விலைக்கு வந்தன. வீட்டு பீர்க்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

இந்தப் பீப்பாய்களுக்குப் பெட்டி ஃப்ரீசர் ஏன்? குளிர்ந்த காற்று கனம். மூடியைத் திறந்தாலும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி உள்ளேயே கிடக்கும். ஆனால் சுவரில் துளை போடக்கூடாது. பல மாடல்களில் குளிரூட்டும் குழாய் சுவருக்குள்தான் ஓடுகிறது. ஒரு ஓட்டை, பெட்டி காலி. அதனால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் ஒன்றைக் கட்டி, அதில் துளைத்துக் குழாய் வைக்கிறார்கள். ஃப்ரீசர் தன்பாட்டுக்கு மைனஸ் 18க்குப் போய் எல்லாவற்றையும் பாறையாக்கிவிடும். ஆகவே வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. 3, 4 டிகிரி வந்ததும் கரண்டை வெட்டும். அந்தக் குளிரில் கரியமில வாயுவை 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் விட்டால், பீரின் கொள்ளளவைப்போல் இரண்டரை மடங்கு வாயு கரைந்து நிற்கும். கனமான காற்று கீழேயே கிடப்பதால் மேலே இருக்கும் குழாய் சூடாகி முதல் கிளாஸ் முழுக்க நுரை. அதற்கு உள்ளே சின்ன ஃபேன் ஒன்று. நண்பர் வைத்திருந்தது பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழட்டியது.

அமெரிக்காவில் கார்ட்டர் கையெழுத்து மட்டும் போதவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனியாகத் தலையாட்டணும். கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் ஒத்துக்கொண்டது 2013ல். நம்மூரில் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் மதுவிலக்கு போலீஸ் வீடு தேடி வரும், யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

ஹாரிசனைக் கவிழ்த்த அதே அமெரிக்கப் பனிக்கட்டி, கப்பலேறி நம்ம சென்னை ஐஸ் ஹவுஸுக்கும் வந்திறங்கியது. பின்னால் விவேகானந்தர் தங்கின அந்தக் கட்டடத்தின் கதையை அடுத்த பதிவில் சொல்றேன்.