துரையின் துவக்கும் தோட்டத்துக் கம்பியும்

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையைப் பொல்லுகளால் அடித்துக் கொன்ற வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்களில் பலர் பள்ளிக்கூடத்தில். ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது, பிறகு சனம் அதைச் சுற்றி வளைத்தது, செத்த உடலோடு நின்று படம் எடுத்தது எல்லாம் வட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டே இருந்தன. நாங்களும் அனுப்பினோம். பிறகு நாடு முழுக்கக் கோபம் வந்தது. நீதிமன்றம் தலையிட்டது, வீடியோவில் முகம் தெரிந்தவர்களைப் பொலிஸ் தேடியது, கைதுகள் நடந்தன. காட்டுமிராண்டிகள் என்ற சொல்லை அந்த நாட்களில் எத்தனை தரம் வாசித்தோம் என்று கணக்கில்லை.

அடித்தவர்களுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அந்த மிருகம் செத்த விதம் கொடூரமானது. ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்ற வகையில் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நாட்டில் சிறுத்தையைக் கொல்வது எப்போதிருந்து குற்றம்? அதற்கு முன்னர் அது என்னவாக இருந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பொழுதுபோக்கு. 1840இல் பிரித்தானிய அரசு முடிக்குரிய காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, உறுதி காட்ட முடியாத நிலங்களையும் காடுகளையும் அரசுடைமை ஆக்கியது. அந்தக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டன, வெட்டப்பட்டன, எரிக்கப்பட்டன. கோப்பி நோயில் அழிந்த பிறகு அதே மலைகளில் தேயிலை வந்தது. காட்டை வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடத்திக் கூட்டிவரப்பட்ட எங்கட மூதாதையர். வெட்டச் சொன்னவர்கள் துரைமார். ஓய்வு நேரத்தில் துரைமார் வேட்டைக்குப் போனார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே ஒரு அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தினார், அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்கு ஃபார் இன் கட்டடம் தெரிந்திருக்கும். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கான நிலையமாக இருக்கும் அது தோமஸ் ஃபார் என்ற துரையின் பெயரைத் தாங்கிய வேட்டை விடுதி.

இந்த உலகத்தில் சிறுத்தைக்கு ஒரு தனி இடம் இருந்தது. மானும் மரையும் 'கேம்', அதாவது கனவான்கள் சுடுவதற்கான விலங்குகள். அவற்றைத் தின்னும் சிறுத்தை வேட்டைக்காரருக்குப் போட்டியாளன். ஆகவே அது ஒழிக்கப்பட வேண்டிய பீடை. தோல் பங்களாச் சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

விலங்குகள் குறையக் குறைய வேட்டைக்காரர்களுக்கே பயம் வந்தது. 1894இல் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் இயங்கும் வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆரம்பம் அதுதான். அவர்களுடைய அக்கறை பொய் என்று சொல்ல மாட்டோம். யாலவும் வில்பத்துவும் இன்று காடாக மிஞ்சியிருப்பதில் அந்த மனிதர்களுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் எதைக் காப்பாற்ற நினைத்தார்கள் என்பதைப் பாருங்கள். யாலவில் ஒரு பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'வதிவிட வேட்டைக்காரர் ஒதுக்கிடம்'. இலங்கையில் வசிக்கும் கனவான்கள் அனுமதிப்பத்திரத்தோடு சுடுவதற்கென்று ஒதுக்கிய காடு. இன்று சிறுத்தை பார்க்க ஜீப்புகள் வரிசையாக நிற்கும் யாலவின் கதை இது.

அந்தக் காட்டின் முதல் காவலர் தெரிவும் சுவாரசியமானது. ஹென்றி எங்கல்பிரெக்ட், தென்னாபிரிக்காவின் போயர் யுத்தத்தில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதி. முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிப்போனவர். 1908இல் அவரை யாலவுக்குக் காவலராக நியமித்தார்கள். பிரித்தானியருக்கு எதிராகத் துவக்குத் தூக்கிய ஒருவரை நம்பிக் காட்டைக் கொடுக்கலாம், காட்டோரத்தில் தலைமுறையாக வாழ்ந்த கிராமத்தவனைக் காட்டுக்கு எதிரியாகப் பார்க்கலாம். துரை சுட்டால் விளையாட்டு, அனுமதிப்பத்திரம் வாங்க வசதியில்லாத கிராமத்தவன் இறைச்சிக்காகப் பொறி வைத்தால் களவு வேட்டை. எங்கள் வாசிப்பில், வனவிலங்குக் குற்றம் என்ற எண்ணம் இந்த நாட்டில் இப்படித்தான் பிறந்தது.

கிழக்கில் ஒரு கதை இன்னும் சொல்லப்படுகிறது. மட்டக்களப்பு மாவட்டத்துப் புணானையில் குறைந்தது 12 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சிறுத்தையை 1924இல் ஷெல்டன் அகர் என்ற துரை சுட்டார். அதன் உடல் பாடம் செய்யப்பட்டு கொழும்பு நூதனசாலைக்குப் போனது. சுட்டவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். செத்த 12 பேரின் பெயர்களை நாங்கள் எங்கேயும் காணவில்லை.

1937இல் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. அடுத்த வருடம் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்கள் ஆயின. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த திருத்தங்களால் சட்டம் இறுகியது. இன்று சிறுத்தை கடுமையாகப் பாதுகாக்கப்படும் விலங்கு. 1979இல் இலங்கை சைட்டிஸ் உடன்படிக்கையில் சேர்ந்ததால் தோல், பல், நகம் ஆகியவற்றின் சர்வதேச வியாபாரமும் தடை. எல்லாம் நல்ல விஷயம்தான்.

இடையில் ஒரு சின்னக் கதை. இலங்கைச் சிறுத்தைக்கு 1956இல் தெரணியகல வைத்த விஞ்ஞானப் பெயரில் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல் இருக்கிறது. யுத்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஏறியது. இப்போது சிங்களத்தில் சிறுத்தையைப் பெரும்பாலும் 'திவியா' என்கிறார்கள். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தோட்டத்தில் இன்றைக்கும் அது வெறும் புலிதான், ஆனால் பஸ்ஸில் சத்தமாகச் சொல்லும்போது 'சிறுத்தை' என்று திருத்திக்கொள்கிறோம்.

சட்டம் இறுகிய பிறகு சிறுத்தைகள் எப்படிச் சாகின்றன? துவக்கால் மட்டும் இல்லை. மலையகத்தில் பெரும் எமன் கம்பி. சைக்கிள் பிரேக் கேபிளோ அதுமாதிரி வேறு கம்பியோ போதும். சுருக்குப் போட்டு, மரக்கறித் தோட்டத்து வேலியோரம் பன்றி வரும் தடத்தில் கட்டிவிடுவார்கள். பன்றிக்காக வைத்ததில் சிறுத்தை வந்து மாட்டும். ஒடுங்கிய உடம்பு என்பதால் தலை நுழைந்து, சுருக்கு இடுப்பில் போய் இறுகும். இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே போகும். உயிரோடு மீட்டாலும் உள்காயத்தால் சில நாட்களில் செத்துவிடும். 2020 மே மாதக் கடைசியில், ஊரடங்கு காலத்தில், நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் மாட்டியது. உடவலவைக்குக் கொண்டுபோனார்கள், காப்பாற்ற முடியவில்லை. மிக அபூர்வமான மிருகம் என்பதால் அதற்காக நாடே அழுதது. சாதாரண மஞ்சள் சிறுத்தைகள் மாட்டும்போது பத்திரிகையில் நாலு வரி வரும்.

இலங்கைச் சிறுத்தை 2008 முதல் உலகச் செம்பட்டியலில் 'ஆபத்தில் உள்ளது' என்ற நிலையில் இருந்தது. 2020இல் 'பாதிப்புக்குள்ளாகக் கூடியது' என்று ஒரு படி மாற்றினார்கள். மாற்றிய பிறகும் கணிப்பு, வளர்ந்த சிறுத்தைகள் 800க்கும் குறைவு என்பதுதான். அவை எல்லாம் பூங்காவுக்குள் இருப்பவையும் இல்லை. அஞ்சலி வாட்சன், ஆன்ட்ரூ கிட்டில் போன்ற ஆய்வாளர்கள் தானியங்கிக் கமராக்களை வைத்துக் காட்டியபடி, தேயிலை மலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய காடுகளிலும் அவை குட்டி போட்டு வாழ்கின்றன. அதாவது கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் ஏறும் அதே மலையில். புதருக்குள் படுத்திருக்கும் சிறுத்தை பயத்தில் பாய்ந்து, காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அவர்களே. லயத்து நாயைத் தூக்கிக்கொண்டு போவதும் அதுவே.

கம்பி வைப்பது குற்றம். யாருக்காக வைத்தாய் என்று சட்டம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் கைதாகிறவன் யார் என்று நாங்கள் கேட்கலாம். பெரும்பாலும் சொந்தமாக ஒரு துண்டு காணி இல்லாத, லயத்துப் பின்பக்கத்தில் போட்ட உருளைக்கிழங்கைப் பன்றி ஒரே இரவில் கிண்டிவிட்டுப் போன ஒருவன். அவனுடைய மலையில் கம்பி இருப்பது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியாதா? நிர்வாகம் வாரம் ஒரு தரம் ஆள் வைத்துக் காட்டோரத்தில் கம்பி தேடி அகற்றினாலே எத்தனையோ சிறுத்தைகள் மிஞ்சும். கூலி கொடுத்தால் அந்த வேலையைச் செய்ய, தடம் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

எல்லாக் கம்பியும் பசிக்காகவோ பயிருக்காகவோ வைக்கப்படுவதும் இல்லை. காட்டுப்பன்றி இறைச்சிக்கு நல்ல விலை. பயணம் போகிறவர்கள் குடிக்கும்போது பைட்டுக்கென்று தேடி வாங்குகிறார்கள். போன வருடம் எங்கட பட்ச் ட்ரிப்பில் மலையக ரோட்டோரக் கடை ஒன்றில் மேசைக்கு அது வந்தது. உறைப்பாக, நல்லாத்தான் இருந்தது. எந்தத் தோட்டத்துக் கம்பியில் விழுந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.