கல்விக்கடன்: முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கடன் வளர்வது எப்படி? முழு கணக்கு

"படிச்சு முடிச்சா வேலை, வேலை கிடைச்சா கடன் தானா தீர்ந்துடும்." முந்திரி, மானாவாரி விவசாயம், நெசவு என்று பிழைப்பு ஓடும் அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் பகுதியில் பல பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். வீட்டுக்கு முதல் பட்டதாரி என்றால் எதிர்பார்ப்பு இன்னும் அதிகம். ஆனால் கல்லூரி சேர்க்கை அவசரத்தில் கையெழுத்துப் போடும் கல்விக்கடன் படிவத்தின் கணக்கு வேறு.

பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விடுமுறை தவணைக்குத்தான், வட்டிக்கு அல்ல. பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே தனிவட்டி ஏறத் தொடங்கிவிடும்.

எவ்வளவு ஏறும்?

4 ஆண்டு படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி 50 ஆயிரம். அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40, 30, 20 ஆயிரம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5.40 லட்சம். 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். 15 ஆண்டு என்றால் சுமார் 5,800 ரூபாய்தான், ஆனால் கட்டும் மொத்தத் தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிடும்.

சென்னையிலோ திருப்பூரிலோ 18 ஆயிரம் சம்பளத்தில் சேரும் பிள்ளைக்கு ரூம் வாடகை, சாப்பாடு போக 7,140 எடுத்து வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரில் தங்கச்சி கல்யாணம், சீர், மொய் என்று வீடும் அதே சம்பளத்தைத்தான் எதிர்பார்த்திருக்கும்.

அப்பா பெயரும் சிக்கும்

கல்விக்கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரர். 90 நாட்களுக்கு மேல் தவணை நின்றால் அது வாராக்கடன். பிள்ளையின் சிபில் ஸ்கோரோடு அப்பாவுடையதும் சரியும். நாளை அவர் டிராக்டருக்கோ தறிக்கோ கடன் கேட்டால் இது குறுக்கே வந்து நிற்கும்.

சுமையைக் குறைக்க...

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவரலாம். மேற்சொன்ன கணக்கில் முதல் ஆண்டு மாதம் சுமார் 833 ரூபாய், 4-ம் ஆண்டில் சுமார் 3,333 ரூபாய். வேலை தேடும் ஓராண்டும் கட்டிவிட்டால் தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், மாதத் தவணையும் 5,290 ரூபாய் அளவுக்கு இறங்கும்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், இந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. இதற்கு வருமானச் சான்றிதழ் அவசியம். தமிழக அரசின் முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வு மூலம் சேருவோருக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் கிடையாது.

வேலை கிடைக்கவில்லையா? தவணை நின்ற பிறகு ஓடாமல், அதற்கு முன்பே வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுக்க வேண்டும். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளின் கல்விக்கடன் விதிகளில் இடம் இருக்கிறது. மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.