பினாங்கின் தென்னங்கள்ளு: காலையில் இனிப்பது மாலையில் புளிப்பது ஏன்? எந்த உணவுடன் சேரும்?

வெள்ளை ஒயின் என்றதும் உங்களுக்கு ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்கள் நினைவுக்கு வரலாம். பினாங்குத் தமிழர்களுக்கு நெருக்கமான 'வெள்ளை ஒயின்' தென்னை மரத்தில் இருந்து இறங்குவது. மலாயில் 'தோடி', சீனர்களுக்குத் 'தென்னம்பூ மது', நமக்குக் கள்ளு.

திராட்சை ஒயினுக்கு வயது ஏற ஏற மதிப்பு கூடலாம். கள்ளுக்கு ஆயுளே ஒரு நாள்தான். அதன் ருசி, விலை, அதில் நடக்கும் கலப்படம் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

மணிக்கு மணி மாறும் ருசி

விரியாத தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவார்கள். சொட்டும் சாறில் சர்க்கரை அதிகம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது. கொங்குப் பக்கம் 'தெளுவு' என்று குடிப்பது அதைத்தான். சுண்ணாம்பு இல்லையென்றால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உடனே வேலையைத் தொடங்கிவிடும்.

சில மணி நேரத்தில் ஆல்கஹால் சுமார் 4 சதவீதத்தை எட்டும். கிட்டத்தட்ட பியர் அளவு. பால் கலந்த நீர் மாதிரி வெண்மை, நாக்கில் லேசான நுரை, முதலில் இனிப்பு, பின்னால் புளிப்பு. அப்புறம் இனிப்பு குறைந்து கடுப்பு ஏறும். ஒரு நாள் தாண்டினால் அது காடியாகிவிடும். குழம்புக்கு ஆகும், குடிக்க ஆகாது.

காரத்துக்கு ஏன் பொருந்துகிறது?

மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் மீன் தலைக் கறியோடு கடுமையான மது குடித்தால் வாய் இன்னும் எரியும். ஆல்கஹால் குறைவாகவும் கொஞ்சம் இனிப்பும் புளிப்பும் இருந்தால் எரிச்சல் தணியும். ஞோஞ்ஞா சமையலுக்கு ஜெர்மனியின் மோசெல் பகுதி ரீஸ்லிங் ஒயினைப் பலர் பரிந்துரைப்பதும் இதனால்தான். இளங்கள்ளுக்கும் அதே குணம் உண்டு. நண்டு வறுவல், சம்பல் கணவாய், கருவாடு இவற்றோடு நன்றாகச் சேரும். அசாம் லக்சாவுடன் மட்டும் வேண்டாம் என்பேன், புளிக்கு மேல் புளி.

ஆப்ப மாவைப் பொங்க வைக்கவும் முன்பு கள்ளுதான் ஊற்றுவார்கள்.

எங்கிருந்து வருகிறது?

தென்னை கடலோர மண்ணில் செழிக்கும். மலேசியாவில் தென்னைக்குப் பேர்போன இடம், பினாங்குக்குத் தெற்கே பேராக் மாநிலத்தில் உள்ள பாகான் டத்தோ. ஆனால் தூரத்தில் இறக்கிய கள்ளு வந்து சேர்வதற்குள் புளித்துவிடுமே. மரம் பக்கத்தில் இருக்க வேண்டும், தினமும் ஏற ஆளும் வேண்டும். கள்ளு இறக்கும் பாளையில் காய் காய்க்காது என்பதால் தேங்காயா, கள்ளா என்றும் முடிவு செய்ய வேண்டும். செபராங் பிறையிலோ தோட்ட நிலங்கள் பல தொழிற்பேட்டைகளாகிவிட்டன. 2014-ல் திறந்த இரண்டாவது பாலம் போய் இறங்கும் பத்து காவானைப் பார்த்தாலே புரியும்.

தோட்டத்துக் கள்ளுக்கடை

கள்ளுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் பால்மரத் தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்தது. உழைத்து வாங்கிய கூலி அங்கேயே கரைந்தது. 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947-ல் பக்கத்து மாநிலமான கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். பின்னாளில் 'சம்சு' எனும் மலிவு மது அந்த இடத்தைப் பிடித்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது.

வாங்கும் முன்

மலேசியாவில் கள் விற்க உரிமம் வேண்டும். 2017 டிசம்பர் முதல், 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. முஸ்லிம்களுக்கு மது தடை.

இரண்டு நாளானாலும் மாறாமல் இனிக்கும் 'கள்ளு' கிடைத்தால் சந்தேகப்படுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும் கலந்ததாக இருக்கலாம். மெத்தனால் கலந்த மதுவையோ வாசனையால் கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுப்பகுதிகளிலும் அப்படிப்பட்ட மது குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடித்துப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினால், வாந்தி, வயிற்று வலி வந்தால், தூங்கினால் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சம் இருக்கும் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.