பகா எண்ணும் பொது வகுத்தியும்: கலைச்சொற்களின் வரலாறு

கணிதக் கருத்து ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும்போது அதன் நிறுவல் மாறுவதில்லை. அதனைத் தாங்கும் உருவகம் மாறுகிறது. பகா எண்ணுக்கும் பகு எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி காணும் முறையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த ‘மூலகங்கள்’ நூலின் ஏழாம் பகுதி இம்முறையை விளக்குகிறது. அங்கு எண் என்பது நீளம். வகுத்தல் என்பது அளத்தல். ஆகவே கிரேக்கர் பொது வகுத்தியைப் ‘பொது அளவு’ என்றனர். பெரிய எண்ணிலிருந்து சிறியதை இயன்றவரை கழித்து, மீதியால் சிறியதைக் கழித்துச் செல்ல, இறுதியில் எஞ்சும் அளவே மீப்பெரு பொது அளவாகும். 84, 60 ஆகியவற்றில் 24, பின்னர் 12 எஞ்சும்; 12 ஆனது 24-ஐ மீதியின்றி அளக்கும். எனவே விடை 12. ஒன்றினால் மட்டுமே அளக்கப்படும் எண்ணைக் கிரேக்கர் ‘முதல்’ எண் என்றனர். அத்தகைய எண், தான் அளக்காத எந்த எண்ணோடும் ஒன்றைத் தவிரப் பொது அளவு உடையதன்று என்பதும் அப்பகுதியில் நிறுவப்பட்டுள்ளது. எனவே 13-க்கும் 60-க்கும் விடை 1. 13-க்கும் 65-க்கும் விடை 13. மூன்றாவது விடைக்கு இடமில்லை.

இந்தியாவில் இதே செயல்முறை வானியல் தேவையினால் வளர்ந்தது. கி.பி. 499-இல் ஆரியபடர் மீதிகளை ஒன்றால் ஒன்று வகுக்கும் முறையைக் கூறினார். அது பின்னர்க் குட்டகம் எனப் பெயர் பெற்றது. ‘பொடியாக்குதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் இறுதி மீதியை ‘அபவர்த்தனம்’ என்றும், அதனால் வகுக்கப்பட்டுச் சுருங்கிய எண்களை ‘த்ருட’ (உறுதியானவை) என்றும் வழங்கினார். பொடித்த பின் பொடிபடாது நிற்பதே உறுதி என்னும் உருவகம் இங்கு அமைகிறது.

தமிழில் இரு மரபுகள் உள்ளன. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘முதன்மை எண்’ கிரேக்க, இலத்தீன் சொற்களின் பொருளைத் தழுவியது. தமிழ்நாட்டு வழக்கான ‘பகா எண்’, ‘பகு எண்’ ஆகியவை நன்னூல் பதவியலின் பகாப்பதம், பகுபதம் ஆகியவற்றின் அமைப்பையே உடையவை. முன்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர்; பின்னது வினைத்தொகை.

இவ்வாக்கத்தின் தெளிவே ஓர் இடரையும் தருகிறது. ‘பகா’ என்பதை ‘எதனாலும் வகுபடாத’ என்று கொள்ளும் மாணவர், 13-க்கும் 65-க்கும் பொது வகுத்தி 1 எனக் கூற வாய்ப்புண்டு. 13 தன்னால் தானே வகுபடும் என்பதைச் சொல் மறைத்துவிடுகிறது. 8, 15 என்னும் பகு எண்கள் இரண்டும் தம்முள் ‘சார்பகா எண்கள்’ ஆவதும் இதனாலேயே முரணாகத் தோன்றுகிறது. ‘முதன்மை எண்’ இவ்விடரைத் தருவதில்லை. ஆயின் அது எண்ணின் இயல்பையும் உணர்த்துவதில்லை.

‘பொதுக் காரணிகளுட் பெரியது’ என்னும் இலங்கை வழக்கு, காரணிகளைப் பட்டியலிட்டுப் பெரியதைத் தெரிந்தெடுக்கும் முறையை நினைவூட்டுகிறது. யூக்ளிடின் முறைக்கோ காரணிப் பட்டியலே வேண்டுவதில்லை. ஆகவே ஒரு கலைச்சொல் ஒரு வழியைக் காட்டும்போதே மற்றொன்றை மறைக்கவும் கூடும்.

இதற்குத் தீர்வு சொல்லை மாற்றுவதன்று. பகாப்பதத்தையும் எழுத்துகளாகப் பிரிக்கலாம்; ஆனால் அப்பிரிப்பால் பொருளுடைய உறுப்புகள் கிடைப்பதில்லை. 13-ஐயும் வகுக்கலாம்; ஒன்றும் அதுவுமே கிடைக்கும். ‘பகா’ என்பது பகுக்க இயலாமையைக் குறிப்பதன்று. பகுத்தும் புதியது பெறாமையைக் குறிப்பது. இலக்கணம் அறிந்த தமிழருக்கு இவ்விளக்கம் புதியதன்று. வரையறை எழுதும் மொழிபெயர்ப்பாளர் அதனைச் சொல்லோடு சேர்த்துத் தருதல் வேண்டும்.