ஆங்கிலத்தின் ஜெர்மானிய வேர்கள்

ஆங்கிலத்தின் ஜெர்மானிய வேர்கள் என்பது, ஆங்கில மொழி தன் மூதாதை மொழியான மூல ஜெர்மானியத்திலிருந்து பெற்ற அடிப்படைச் சொற்கள், ஒலியமைப்பு, இலக்கணக் கூறுகள் ஆகியவற்றைக் குறிக்கும். ஆங்கில அகராதிகளில் உள்ள சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை இலத்தீன், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து வந்தவை. எனினும் மொழியியலாளர் ஆங்கிலத்தை ஜெர்மானிய மொழியாகவே வகைப்படுத்துகின்றனர். ஒரு மொழியின் குடும்பம் அதன் சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு அன்றி, அம்மொழி வழிவழியாக வந்த முறையைக் கொண்டே முடிவு செய்யப்படுவது இதற்குக் காரணமாகும்.

மொழிக்குடும்பத்தில் ஆங்கிலத்தின் இடம்

ஜெர்மானிய மொழிகள் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரு கிளையாகும். இக்கிளை மூன்று பிரிவுகளைக் கொண்டது.

* மேற்கு ஜெர்மானியம்: ஆங்கிலம், ஃபிரிசியம், டச்சு, ஜெர்மன் முதலியன
* வடக்கு ஜெர்மானியம்: ஐஸ்லாந்தியம், நார்வேஜியம், டேனியம், சுவீடியம் முதலியன
* கிழக்கு ஜெர்மானியம்: கோதியம் முதலிய, இன்று வழக்கொழிந்த மொழிகள்

"ஜெர்மானியம்" என்னும் பெயரால் ஒரு குழப்பம் ஏற்படுவதுண்டு. ஆங்கிலம் ஜெர்மன் மொழியிலிருந்து தோன்றியதன்று. இரண்டும் ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்த உடன்பிறப்பு மொழிகளாகும். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியைத் தவிர்த்தால், ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவுடையது நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்திலும் ஜெர்மனியின் சில பகுதிகளிலும் பேசப்படும் ஃபிரிசியம் ஆகும்.

வரலாறு

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமப் படைகள் பிரித்தானியாவை விட்டு நீங்கின. அதன் பின்னர் இன்றைய டென்மார்க், வட ஜெர்மனி, நெதர்லாந்து ஆகியவற்றின் கடலோரங்களில் வாழ்ந்த ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் ஆகிய இனக்குழுக்கள் அங்கே குடியேறின. ஆங்கிள்களின் பெயரிலிருந்தே "இங்கிலாந்து", "இங்கிலீஷ்" ஆகிய சொற்கள் தோன்றின. இவர்கள் பேசிய வழக்குகளிலிருந்து உருவானதே பழைய ஆங்கிலம்.

கி.பி. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் துறவிமடம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து வைக்கிங்குகளின் வருகை பெருகியது. வடக்கு, கிழக்கு இங்கிலாந்தில் குடியேறிய இவர்களின் பழைய நோர்சு மொழியும் ஜெர்மானிய மொழியே. "ஸ்கை" (வானம்), "எக்" (முட்டை), "நைஃப்" (கத்தி), "லா" (சட்டம்), "டேக்" (எடு) ஆகியன நோர்சுச் சொற்கள். "விண்டோ" (சாளரம்) என்பது நோர்சு மொழியில் "காற்றின் கண்" என்று பொருள்படும் கூட்டுச்சொல்லாகும். "தே", "தெம்", "தேர்" (அவர்கள், அவர்களை, அவர்களுடைய) ஆகிய இடப்பெயர்களும் நோர்சிலிருந்து வந்தவையே. மொழிகள் எளிதில் கடன் வாங்காத இடப்பெயர்களே இவ்வாறு வந்திருப்பது, இரு மக்களும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்பதைக் காட்டுகின்றது.

1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன் பின்னர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அரசவை, நீதிமன்றம், மேட்டுக்குடியினர் ஆகியோரின் மொழியாகப் பிரெஞ்சு விளங்கியது. ஆங்கிலம் உழவர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் நாவில் வாழ்ந்தது. 1362இல் நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வாறு ஆங்கிலம் மீண்டபோது ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் அதில் கலந்திருந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்கச் சொற்களைப் பெருமளவில் சேர்த்தனர்.

இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரையில் அக்கால மொழிநிலையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுகிறார். கென்ட் பகுதியில் ஒரு வணிகர் "எக்ஸ்" (முட்டைகள்) கேட்டபோது, அவ்வீட்டுப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாராம். வேறொருவர் "ஐரென்" என்று கேட்ட பின்னரே அப்பெண்ணுக்குப் புரிந்தது. பிரெஞ்சு எனக் கருதப்பட்ட சொல் நோர்சுச் சொல். புரிந்த சொல் பழைய ஆங்கிலச் சொல். இரண்டுமே ஜெர்மானியச் சொற்கள்தாம். ஜெர்மன் மொழியில் முட்டைகளை இன்றும் "ஐயர்" என்கின்றனர்.

ஒலி மாற்றங்கள்

ஜெர்மானிய மொழிகளைப் பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது கிரிம் விதி ஆகும். டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்மஸ் ராஸ்க் 1818இல் சுட்டிய ஒலி ஒப்புமைகளை, ஜெர்மனியைச் சேர்ந்த யாக்கோபு கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்தி விதியாக வெளியிட்டார். நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் உடன்பிறப்புகளில் மூத்தவர் இவரே. இவ்விதியின் ஒரு பகுதி பின்வருமாறு:

* "ப்" ஒலி "ஃப்" ஆனது: இலத்தீன் "பாட்டெர்", ஆங்கிலம் "ஃபாதர்" (தந்தை)
* "ட்" ஒலி "த்" ஆனது: இலத்தீன் "ட்ரேஸ்", ஆங்கிலம் "த்ரீ" (மூன்று)
* "க்" ஒலி "ஹ்" ஆனது: இலத்தீன் "கோர்னு", ஆங்கிலம் "ஹார்ன்" (கொம்பு)

இவ்விதியின் பயன், தோற்ற ஒற்றுமைக்கும் உண்மையான உறவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதாகும். "உடைமையாகக் கொள்" என்னும் பொருளுடைய ஆங்கில "ஹாவ்" என்பதும் இலத்தீன் "ஹாபேரே" என்பதும் ஒலியிலும் பொருளிலும் ஒத்துள்ளன. ஆயினும் இவை உறவுச் சொற்கள் அல்ல. கிரிம் விதிப்படி ஆங்கில "ஹ்" ஒலிக்கு ஈடாக இலத்தீனில் "க்" ஒலி இருத்தல் வேண்டும். "ஹாவ்" என்பதன் உண்மையான உறவுச் சொல், "பற்று" எனப் பொருள்படும் "காபெரே" ஆகும்.

பிற்காலத்தில் ஜெர்மன் மொழியில் மட்டும் மற்றோர் ஒலி மாற்றம் நிகழ்ந்தது. அதனால் ஆங்கிலத்தின் "வாட்டர்" (நீர்), "ஆப்பிள்", "ஷிப்" (கப்பல்) ஆகியன ஜெர்மன் மொழியில் முறையே "வாஸர்", "அப்ஃபெல்", "ஷிஃப்" என வழங்குகின்றன. இவ்வகையில் ஜெர்மனைக் காட்டிலும் ஆங்கிலமே பழைய மெய்யொலிகளைக் காத்து வருகின்றது.

இலக்கணக் கூறுகள்

ஆங்கிலத்தின் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எனினும் எஞ்சியுள்ள இலக்கணம் ஜெர்மானிய வழி வந்ததாகவே உள்ளது.

* உயிரொலி மாற்றத்தால் காலம் காட்டும் வினைகள்: ஆங்கிலத்தில் "சிங், சாங், சங்" (பாடு), ஜெர்மனில் "சிங்கன், சாங், கெசுங்கன்".
* உயிரொலி மாற்றத்தால் பன்மை காட்டும் பெயர்கள்: "ஃபுட், ஃபீட்" (கால், கால்கள்); "மௌஸ், மைஸ்" (எலி, எலிகள்).
* இணைப்புச் சொற்கள், துணைவினைகள், முன்னிடைச் சொற்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை.

சொற்தொகுதி

ஃபின்கென்ஸ்டெட், வோல்ஃப் ஆகியோர் ஏறத்தாழ 80,000 சொற்களை ஆய்ந்து 1973இல் வெளியிட்ட கணிப்பின்படி பிரெஞ்சு, இலத்தீன் ஆகியவற்றின் பங்கு தனித்தனியே ஏறத்தாழ 28 விழுக்காடு. ஜெர்மானியச் சொற்களின் பங்கு ஏறத்தாழ 25 விழுக்காடு. கிரேக்கத்தின் பங்கு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இக்கணிப்பு அகராதிச் சொற்களைப் பற்றியது. அகராதியில் அரிய சொல்லும் அன்றாடச் சொல்லும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். பேச்சிலும் எழுத்திலும் மிகுதியாக வரும் நூறு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மிகப் பெரும்பாலானவை ஜெர்மானியச் சொற்களாகவே இருக்கும். இலத்தீன் வழிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஆங்கில வாக்கியம் அமைக்க முடியும். ஜெர்மானியச் சொல் இல்லாமல் ஒரு பத்தி எழுதுவது அரிது.

இரு சொற்தொகுதிகளும் ஒரே பொருளுக்கு அருகருகே நிற்பதும் உண்டு. தொழுவத்தில் நிற்கும் விலங்குகளுக்கு "கவ்" (பசு), "ஷீப்" (செம்மறி) என ஜெர்மானியப் பெயர்களும், உணவுத் தட்டில் அவற்றின் இறைச்சிக்கு "பீஃப்", "மட்டன்" எனப் பிரெஞ்சுப் பெயர்களும் வழங்குகின்றன. வளர்த்தவர்களின் மொழியும் உண்டவர்களின் மொழியும் வேறுபட்டிருந்ததே இதற்குக் காரணம் எனச் சொல்லப்படுவதுண்டு. வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ புதினம் இக்கருத்தைப் பரவலாக்கியது.

நிகழ்பட ஆட்டங்களின் பெயர்களில்

புகழ்பெற்ற நிகழ்பட ஆட்டங்களின் பெயர்கள் பல, பழைய சொற்களைத் தாங்கியுள்ளன. இவை ஆங்கிலத்தின் சொல்லடுக்குகளை அறிவதற்கு எளிய எடுத்துக்காட்டுகளாகும்.

* டூம் (1993): பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் "தீர்ப்பு". இறுதித் தீர்ப்பு நாள் என்னும் கருத்தின் வழியாக "அழிவு" என்னும் பொருள் பெற்றது. வில்லியம் அரசர் 1086இல் எடுத்த நிலக்கணக்கின் பெயரான "டூம்ஸ்டே" என்பதிலும் இச்சொல் உள்ளது.
* நீட் ஃபார் ஸ்பீடு (1994): மூன்று சொற்களும் ஜெர்மானியச் சொற்கள். "ஸ்பீடு" என்பதன் பழைய பொருள் "வெற்றி, செழிப்பு".
* ஸ்டார்கிராஃப்ட் (1998): "ஸ்டார்" (விண்மீன்), "கிராஃப்ட்" இரண்டும் ஜெர்மானியம். "கிராஃப்ட்" முதலில் "வலிமை" எனப் பொருள்பட்டது. ஜெர்மன் மொழியில் இன்றும் அதுவே பொருள்.
* கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (1997): "கிராண்ட்" பிரெஞ்சு வழி வந்த இலத்தீன்; "தெஃப்ட்" (திருட்டு) ஜெர்மானியம்; "ஆட்டோ" கிரேக்கம்.
* ரெட் டெட் ரிடெம்ப்ஷன் (2010): முதலிரு சொற்கள் (சிவப்பு, இறந்த) ஜெர்மானியம். மூன்றாவது, "மீட்டு வாங்குதல்" எனப் பொருள்படும் இலத்தீன்.
* டூம் ரெய்டர் (1996): "கல்லறை" எனப் பொருள்படும் முதற்சொல் கிரேக்க வழி வந்தது; மேலே கண்ட "டூம்" என்பதோடு தொடர்பற்றது. "ரெய்டு" (திடீர்த்தாக்குதல்), "ரோடு" (சாலை) இரண்டும் "குதிரைச் செலவு" என்னும் பொருளுடைய ஒரே பழைய ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்கள்.

இப்பெயர்களைப் புதிராகவும் அமைக்கலாம். "செழிப்பின் தேவை" என்னும் துப்பு நீட் ஃபார் ஸ்பீடையும், "விண்மீன் வலிமை" என்பது ஸ்டார்கிராஃப்டையும் சுட்டும். விடை காண்பவர் சொல்லின் இன்றைய பொருளை விடுத்து அதன் வேரை நோக்க வேண்டியிருக்கும்.

வேரை ஊகிக்க உதவும் துப்புகள்

ஒரு சொல் ஜெர்மானிய வேரினதா என்பதைச் சில அடையாளங்களைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம்.

* உடலுறுப்பு, இயற்கை, அடிப்படைச் செயல் ஆகியவற்றைக் குறிக்கும் ஓரசைச் சொற்கள்: "ஹாண்ட்" (கை), "சன்" (ஞாயிறு).
* எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத எழுத்துகள்: "நீ" (முழங்கால்) என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய "கே" முன்பு ஒலிக்கப்பட்டது. ஜெர்மனில் அது இன்றும் "க்னீ" என்றே ஒலிக்கின்றது.
* "ஸ்க்" எனத் தொடங்குபவை பல நோர்சு வழி வந்தவை. பழைய ஆங்கிலத்தில் இவ்வொலி "ஷ்" ஆனது. "ஷர்ட்" (சட்டை), "ஸ்கர்ட்" (பாவாடை) ஆகியன ஒரே வேரின் இரு வடிவங்கள்.

இவ்வடையாளங்கள் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லலாம். "அங்கிள்", "ஆன்ட்", "ஃபேஸ்" (முகம்), "ரிவர்" (ஆறு) ஆகியன அன்றாடச் சொற்களாயினும் பிரெஞ்சு வழி வந்தவை. "ஸ்ட்ரீட்" (தெரு) இலத்தீன் சொல். பிரித்தானியக் குடியேற்றத்துக்கு முன்பே ஜெர்மானியருக்கு அறிமுகமானது. "வார்" (போர்) பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆயினும் பிரெஞ்சுக்கு அதை அளித்தது ஃபிராங்குகளின் ஜெர்மானிய மொழியே. "ஐலண்ட்" (தீவு) தூய ஜெர்மானியச் சொல். இலத்தீன் வழிச் சொல்லோடு குழப்பிக்கொண்டதால் ஒலிக்காத "எஸ்" எழுத்து அதில் புகுந்தது. எனவே ஊகத்தைப் பழைய எழுத்துச் சான்றுகளைக் கொண்டும் ஒலி விதிகளைக் கொண்டும் சரிபார்ப்பது இன்றியமையாதது.

தூய ஆங்கில முயற்சிகள்

அயற்சொற்களின் பெருக்கத்தை எதிர்த்தவர்களும் இருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் சீக் மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, "உயிர்த்தெழுதல்" என்பதற்கு "கெயின்ரைசிங்" போன்ற சொற்களை ஆக்கினார். டார்செட் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் (1801–1886) இலக்கணத்தை "ஸ்பீச்கிராஃப்ட்" என அழைத்தார். இவை நிலைபெறவில்லை. மாறாக, வில்லியம் தாம்ஸ் 1846இல் ஆக்கிய "ஃபோக்லோர்" (நாட்டார் வழக்காறு) உலகெங்கும் பரவியது.

நார்மன் வெற்றியின் 900ஆம் ஆண்டான 1966இல் பால் ஜென்னிங்ஸ், பஞ்ச் இதழில் இவ்வகை ஆங்கிலத்துக்கு "ஆங்லிஷ்" எனப் பெயரிட்டு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினார். அறிபுனை எழுத்தாளர் போல் ஆண்டர்சன் 1989இல் அணுக் கோட்பாட்டை ஏறத்தாழ முழுவதும் ஜெர்மானியச் சொற்களாலேயே விளக்கினார். அதில் அணு "அன்கிளெஃப்ட்" (பிளவாதது) எனவும், ஐதரசன் "வாட்டர்ஸ்டஃப்" (நீர்ப்பொருள்) எனவும் குறிக்கப்பட்டன. ஐதரசனுக்கு ஜெர்மன் மொழியில் உண்மையிலேயே வழங்கும் பெயரும் இதே பொருளுடையதாகும். வேர்களைக் கொண்டு அறிவியல் எழுதுவது இயலும் என்பதை இக்கட்டுரை காட்டுகின்றது. அதேவேளை, பழகிய சொற்கள் நீங்கியதால் ஆங்கிலேயரே தம் மொழியைப் புதிர்போல் ஊகித்துப் படிக்க நேர்வதையும் அது காட்டுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* ஜெர்மானிய மொழிகள்
* பழைய ஆங்கிலம்
* கிரிம் விதி
* சொற்பிறப்பியல்